சாவிக்கு நேரே ஒரு டிக்

தம்பியின் உடைமைகளை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு அக்காவிடம் நீட்டினாள்.

கைக்கடிகாரம், போன், பர்ஸ், கண்ணாடி, ஒற்றைச் சாக்ஸ், சட்டைப்பையில் வைக்கிற ஒரு குட்டி நோட்டு. இன்னொரு சாக்ஸ் எங்கே என்று அக்கா கேட்கவில்லை. நாற்பத்தொரு வருடமாக அவனைத் தெரியும்.

இது ஆறாவது ட்ரிப். கடைசியும் இதுதான். நாற்பது நிமிடம் மருந்து ஏறும், பிறகு ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஆளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அதற்காகத்தான் அக்கா தன் தையல் கடையை அரை நாள் மூடிவிட்டு வருகிறாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. வெளியே வந்தால் தலையைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு வருகிற ரகம். அதற்கு ஏ.டி.எச்.டி என்று ஒரு பெயர் இருப்பது முப்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரை வீட்டில் வைத்திருந்த பெயர் வேறு: பொறுப்பில்லாத கழுதை.

மனச்சோர்வு அதற்கு மேல் வந்து உட்கார்ந்தது. எந்த மாத்திரைக்கும் அது அசையவில்லை. கடைசியாக டாக்டர் கெட்டமைன் என்றார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்துதானாம், கொஞ்சமாக ஏற்றுவார்களாம்.

முதல் நாளே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இது சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தாம்மா. மறதிக்கு இல்ல."

இன்றைக்கு ட்ரிப் முடிந்ததும் அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பார், வீட்டில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று. தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால், அடுத்து என்ன என்று அவருக்கே தெரியாது. ஆறு வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அக்காவுக்கு எதுவும் பிடிபடவில்லை.

அதனால்தான் நோட்டைத் திறந்தாள். தப்புதான். திறந்தாள்.

தினம் காலையில் அன்றைய வேலைகளை எழுத வேண்டும், முடித்ததும் டிக் போட வேண்டும். டாக்டர் பழக்கிவிட்ட வழக்கம். பக்கத்துக்கு ஒரு நாள். பால். கரண்ட் பில். மறுபடி பால். பால் நான்கு நாளாக டிக் இல்லாமல் கிடந்தது.

புரட்டிய ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி மட்டும் ஒன்றேதான்.

சாவி.

அதற்கு நேரே ஒரு டிக். மறுநாளும் டிக். அடுத்த பக்கமும் டிக்.

அக்கா இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். அங்கேயும் டிக்.

அது எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியும். அவன் பார்த்துக்கொள்கிற பதினாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிச் சாவி. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். மேலே போய் நின்றால் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். எழுந்து போய்விட்டான். வெட்டுத் துணிக்கு அடியில் சாவி கிடந்தது.

வழக்கம்போல மறந்துவிட்டான் என்று நினைத்தாள். பிறந்ததிலிருந்து அவன் தொலைத்ததையெல்லாம் தேடிக் கொடுத்தவள், அதை மட்டும் கொடுக்கவில்லை. கைப்பையின் ஜிப் அறையில், இஞ்ச் டேப்புக்குக் கீழே போட்டுவைத்தாள். மறுநாளே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

சாவி இங்கே இருக்கிறது. அங்கே எப்படி டிக் விழுகிறது? ஆபீஸில் இன்னொன்று வாங்கிவிட்டானா? தினமும் மேலே போய்க்கொண்டிருக்கிறானா?

நோட்டைப் பாதியிலேயே மூடினாள். ஜிப்பைத் திறந்து தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. அதில் இனி நிம்மதி இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண் இன்னும் எங்கோ இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அக்கா எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்டுவிட்டது.

"சாவி கெடைச்சுதாடா?"

எங்கோ இருந்த கண் அவள் பக்கம் திரும்பியது.

"அது எங்க தொலைஞ்சுது? உன் கடையில நான்தானே வச்சேன். ஒங்கிட்ட திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு தெனமும் எழுதி வைப்பேன். கேக்காம படுத்துட்டா ஒரு டிக்."

அக்காவின் கை கைப்பை ஜிப்புக்குப் போனது. ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் நோட்டை வாங்கி இன்றைய பக்கத்தைப் பிரித்தான். லிஃப்ட் பெல்ட். பால். சாக்ஸ் வாங்கணும். அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தான். முந்தின பக்கத்தைத் திருப்பினான். அதற்கு முந்தினதையும்.

"அட, மூணு நாளா சாவியை எழுதவே மறந்துருக்கேன்" என்றான், பால் வாங்க மறந்தவன் சொல்கிற அதே குரலில். பேனாவைத் தேட ஆரம்பித்தான். அது நோட்டின் முதுகிலேயே செருகியிருந்தது. அக்கா சொல்லவில்லை.

டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மறதி கொஞ்சம் ஜாஸ்தியாயிருக்கு டாக்டர்" என்றாள்.