திருப்பிப் போட்ட கல்

கோட்டைக்குப் போகும் நடைபாதையில் இரண்டு கருங்கற்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. காலம் காலமாக மிதிபட்டு இரண்டும் குழிந்துபோயிருந்தன.

ஒருநாள் பாதையைப் புதுப்பிக்க ஆட்கள் வந்தார்கள்.

"நம்மைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ?" என்று முதல் கல் பயந்தது.

"எங்கே போனாலும் சேர்ந்தே போவோம்" என்றது இரண்டாவது கல்.

கொத்தனார் முதல் கல்லைப் பெயர்த்து, தேயாத அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தார். பிறகு சாப்பிடப் போனார்.

"பிழைத்துக்கொண்டாயே" என்று இரண்டாவது கல் மகிழ்ந்தது.

"நீங்கள் யாரென்று தெரியவில்லையே, பெரியவரே. நான் புதுக்கல்" என்றது முதல் கல்.



கொத்தனார் திரும்பி வந்து இரண்டாவது கல்லையும் புரட்டிப் பதித்துவிட்டுப் போனார்.

"நல்லவேளை, உன் இடத்தில் கிடந்த கிழட்டுக் கல் ஒழிந்தது" என்றது முதல் கல்.

"எந்தக் கல்?" என்று கேட்டது இரண்டாவது.