உப்புப் போர்வை

போர்வையின் ஓரத்தை ஒரு கையால் தூக்கினாள். வரவில்லை.

போன வாரம் ஒரு கை போதுமாயிருந்தது.

அடியில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். பிலோமி. ஒன்பது வயது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. வாய் சற்றே திறந்திருந்தது.

பக்கத்தில் அடுத்த வீட்டு லூர்தக்கா மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன. மழையில் வேலை நின்று இவள் பாதிப் பகலில் வீட்டுக்குள் வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய செபமாலை தரையில் கிடந்தது.

இருபது வருடப் பழக்கத்தில் லூர்தக்கா அதைத் தரையில் விட்டு இவள் பார்த்ததில்லை.

வெளியே மழை.

பிலோமிக்குப் பேச்சு வராது. மழைச்சத்தம் ஆகாது. தகரக் கூரையில் நாலு துளி விழுந்தால் போதும், தன் கையையே கடித்துக்கொள்வாள். ரத்தம் வரும். இறுக்கி அணைத்தால் அடங்குவாள். ஆனால் எத்தனை நேரம்தான் அணைத்துக்கொண்டிருப்பது?

கனமான போர்வை போர்த்திப் பாருங்கள் என்று பிலோமி போகும் பயிற்சி மையத்து டீச்சர் சொன்னாள். உடம்பின்மேல் பாரம் பரவிக் கிடந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு மனம் அடங்கும், உறக்கம் வரும் என்றாள். கூடவே ஒன்றைச் சொன்னாள். பாரம் அளவாக இருக்க வேண்டும். வேண்டாமென்றால் பிள்ளை தானே தள்ளிவிட முடிய வேண்டும்.

இவள் பழைய சேலைகளைக் கட்டம் கட்டமாகப் பைகளாகத் தைத்தாள். ஒவ்வொரு பைக்கும் நாடா வைத்தாள். கணவன் ததேயு உப்பளத்துக்காரன். உப்புக் குவியலை மூடுகிற பிளாஸ்டிக் தாளை வெட்டி உள்ளே வைத்து, கல்லுப்பை நிரப்பினான்.

அவர்களுக்குத் தெரிந்த பாரம் அதுதான்.

முதல் நாள் பிலோமி ஏழு மணிநேரம் உறங்கினாள். இவள் அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

பிறகு மழைக்காலம் வந்தது.

உப்பளத்துக்காரருக்கு மழை என்றால் உப்பு கரையும். ஆள் உயரக் குவியல் விடிவதற்குள் முழங்கால் உயரமாகும். பிறந்ததிலிருந்து பார்த்துவந்தது அது. போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். பைகள் ஈரமாயிருந்தன. உள்ளே கற்கள் இளகியிருந்தன. பாரம் குறைகிறது, பிள்ளை இனி உறங்காது என்று பயந்தாள்.

அதனால் உப்புக் கொட்டகை வேலைக்குக் கிளம்பும்முன், நாடாவை அவிழ்த்து, ஒவ்வொரு நாளும் இரண்டு பைகளில் ஒவ்வொரு பிடி போட்டாள். ததேயுவிடம் சொல்லவில்லை. அவனுக்கு எதற்கு இன்னொரு கவலை. பிள்ளைக்குப் போர்த்திவிடுவது அவன். அவன் போனபின் பார்த்துக்கொள்வது லூர்தக்கா.

தாளுக்குள் கரைந்த உப்பு தாளுக்குள்ளேயேதான் கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரவெல்லாம் மழைக்கு விழித்திருந்த பிள்ளை, பகலில் உறங்கிற்று. ஒரு அசைவில்லாமல் உறங்கிற்று. அதைக்கூட நல்லது என்றே நினைத்திருந்தாள்.

கோயிலில் நண்பகல் மணி அடித்தது.

மணி கேட்டும் லூர்தக்கா கை எடுத்துச் சிலுவை போடவில்லை.

இவள் அருகே மண்டியிட்டாள்.

"அக்கா."

"மெதுவா பேசுட்டி. ஒறங்குது." லூர்தக்கா திரும்பாமலே சொன்னாள். "காலையில ஒரு மாதிரியா மூச்சு வாங்குச்சு. எடுத்தா முழிச்சிரும். முழிச்சா கையக் கடிக்கும். நீயும் எடுக்காதன்னுட்டுதான போன. அதான் கொஞ்சம் தாங்கிக்கிட்டேன்."

இவள் இரண்டு கைகளையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். போர்வை தரையில் விழுந்தது. ஈரச் சாக்கு விழுகிற சத்தம்.

பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே லூர்தக்காவின் இரு கைகளும் பந்தல் போட்டதுபோல் வளைந்து நின்றன. முழங்கைகள் பாயில் ஊன்றியிருந்தன. தோலில் உப்புக்கல்லின் தடம் தடமாகக் குழிகள்.

அந்தக் கைகளுக்கு அடியில் சிறிய நெஞ்சைப் பார்த்தாள்.

அசையவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். ஒன்பது மணியிலிருந்து என்றாள் லூர்தக்கா. கைகளை எடுக்க முயன்றாள். அவை வளைந்தபடியே வந்தன.

"இந்தக் கை ரெண்டும் யாருதுன்னு கேட்டுச் சொல்லுட்டி. எனக்குத் தெரியல."

சிரித்தாள். விரல்கள் மடங்கவில்லை. மூன்று மணிநேரமாகச் செபமாலையைத் தொடாத அந்த விரல்களை இவள் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள். அன்று காலை அந்த வீட்டில் கடவுளுக்கு இருந்த கைகள் அவைதாம்.

கதவு திறந்தது.

ததேயு. தலையிலிருந்து மழைநீர் சொட்டியது. இந்த நேரத்தில் மனைவி வீட்டில் இருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சட்டைக்குள் நனையாமல் எதையோ பிடித்திருந்தவன் அப்படியே நின்றான்.

அவள் பார்வை விலகவில்லை என்று கண்டு, வெளியே எடுத்தான். முடிச்சுப் போட்ட சிறு பை. உள்ளே வெள்ளையாக உப்பு.

"மழையில கரையுதுல்லா. அதான் தெனமும் கொஞ்சம்..." என்றான். "சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல."



அவள் எழுந்து போய் அவன் கையைப் பிடித்தாள். தரையில் உட்காரவைத்தாள். மடிந்து கிடந்த போர்வையின் அடியில் அந்தக் கையை வைத்தாள்.

மூட்டை சுமக்கிற கை.

கையைத் தூக்கப் பார்த்தான். எளிதில் எழவில்லை.

பிறகு, பாயில் கிடந்த மகளின் சின்னக் கையைப் பார்த்தான்.