செருப்பு கிடந்தால் ஓட்டாதே

மேலிருந்து பாலைப் பனி மாதிரித் தெளித்துக் கொதிக்கும் காற்றை ஊதினால், தரையைத் தொடுவதற்குள் அது பவுடராகிவிடும். அதைச் செய்யும் மூன்று மாடி உயர எவர்சில்வர் கோபுரத்தை ஓட்டுவது நான். நிறுத்தியதும் உள்ளே போய், சுவரில் அப்பியதைச் சுரண்டுவது ஞானதிரவியம். உள்ளே போகிறவன் செருப்பைக் கதவருகே கழற்றிப் போட வேண்டும். செருப்பு கிடந்தால் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. பவுடர் கருகியதற்கு நான்தான் காரணம் என்று அவன் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்த நாளிலிருந்து, ஒரு வருடமாக, அந்த நாயோடு எனக்குப் பேச்சில்லை. அவன் செருப்போடு மட்டும்தான் பழக்கம்.

இன்று காலையிலிருந்து செருப்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. தொட்டியில் பால் திரியத் தொடங்கியிருந்தது. அவன் வெறுங்காலோடு கேன்டீனில் டீ குடிப்பதாக யாரோ சொன்னார்கள். பழி என் தலையில் விழட்டும் என்றுதான் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆனாலும் அதை நம்பி ஓட்டிவிட முடியுமா? கதவைத் திறந்து, “ஏலே, உள்ள இருக்கியா, செத்துட்டியா?” என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. இருந்தால் மூஞ்சியிலேயே அடிப்பது என்று அவன் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். ஒருவனும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. அவன் செருப்பு என் கையில் இருந்தது. என் செருப்பு என் காலிலேயே இருந்தது.

வெளியே ஞானதிரவியம், ஒரு வருடத்துக்குப் பிறகு, நிதானமாக என்னிடம் பேசினான்: “வாசல்ல செருப்பு ஒண்ணும் கெடக்கல. சுவிட்சப் போட்டுரவா?”