சிவப்பில் நின்ற வரி

"அந்தச் சிவப்பை எடு" என்றார் பேச்சிமுத்து. உட்காரக்கூட இல்லை.

தென்காசியில் டிடிபி கடை நடத்தும் ஹம்னா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா அண்ணாச்சி போட்டேன்? ஆதாரம் இல்லாத வரி அதுவாச் சிவப்பா நிக்கும்."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது. இருநூறு பக்கத்துல இந்த ஒரு வரிதான் ஒனக்கு உறுத்துதோ?"

பீடித் தொழிலாளர் போராட்ட வரலாறு அது. எட்டு மாதமாகப் பேச்சிமுத்து சொல்லச் சொல்ல, ஹம்னா எல்லாவற்றையும் நோட்ஸ் ஆப்பில் குறிப்புகளாக ஏற்றினாள். பேட்டிகள், படங்கள், பழைய நோட்டீஸ்கள் எல்லாம் அதில்தான். புத்தகத்தை எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் அதற்குரிய குறிப்பை லிங்க் போட்டுக் கோத்திருந்தாள். வரியைத் தொட்டால் குறிப்பு திறக்கும்.

போராட்டக் காலத்தில் பேச்சிமுத்து எழுதிய நோட்டீஸ்களில் அவர் கையிலிருந்தவற்றைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளையாகப் புளியங்குடி எலுமிச்சை மண்டி பெஞ்சமின் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஹம்னா ஒரு கட்டு கொண்டுவந்தாள். தாளெல்லாம் எண்ணெய்க் கறை. "வடையை வச்சுத் தின்னிருப்பான்" என்று பேச்சிமுத்து அன்றைக்குச் சிரித்தார். எண்ணிப் பார்த்ததில் ஒரு நோட்டீஸ் மட்டும் குறைந்தது.

இப்போது சிவப்பாக நின்ற வரி இது: 'இலை லாரியை மறிக்கும் திட்டத்தைப் போலீசுக்குச் சொன்ன கருங்காலி வேல்சாமி.'

"நேத்து வேல்சாமி ஒன் கடைப்படியில எறங்கிப் போறதைப் பாத்தேன். என்னத்தைச் சொல்லி ஒன்னை மயக்குனான்? முப்பது வருசம் கழிச்சு நல்லவனாகப் பாக்குதானோ?"

"அவரை விடுங்க. திட்டத்தை அவர்தான் சொன்னாருன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது! நீயே நாலு பேர்கிட்ட பேட்டி எடுத்தியே?"

ஹம்னா நாலு பேட்டிகளையும் திறந்தாள். நாலு பேரும் வேல்சாமியைத் திட்டியிருந்தார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நாலு பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: 'நோட்டீஸ்ல படிச்சோம்.'

நாலு பேட்டியின் லிங்கும் ஒரே நோட்டீசில் போய் நின்றன; அந்த நோட்டீசுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மஞ்சள் தாள். மேலே, 'துரோகியை அடையாளம் காண்பீர்!' கீழே, 'இவண், பேச்சிமுத்து.'

"உங்களுக்கு நீங்களே சாட்சியா அண்ணாச்சி?"

"கண்ணால பாத்தவம்மா நான்! மறியல் முடிஞ்சு பத்தாம் நாள், போலீஸ் ஜீப்புல இருந்து எறங்குதான்."

"ஏன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"துரோகிகிட்ட என்ன கேள்வி?"

கேட்கவில்லைதான். அன்று மாலையே நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அதன்பிறகு வேல்சாமி வீட்டுக்கு எந்தக் கம்பெனியிலும் பீடி இலை கொடுக்கவிடவில்லை. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் இன்றுவரை அவர் பிழைப்பு.

"அதே பத்து நாளைப் பத்தி இன்னொரு குறிப்பும் இருக்கு. போன மாசம் நீங்க சொன்னது" என்ற ஹம்னா, நோட்டீசுக்குப் பக்கத்திலேயே அதைத் திறந்து வாசித்தாள்.

'பதினோரு பேரைப் பிடித்தார்கள். நான் தப்பி, குற்றாலத்துக்கு மேலே எஸ்டேட் குடிசையில் ஒன்பது நாள் ஒளிந்திருந்தேன். முன்கூட்டியே அந்த இடத்தைக் காட்டி வைத்தவன் வேல்சாமி. அவனைத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. ஒரு போலீசும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.'

வாசித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அவர் போலீஸ் ஆளா இருந்திருந்தா, மொத நாளே நீங்க மாட்டியிருப்பீங்களே?"

பேச்சிமுத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

இரண்டு கதையையும் அவர் நூறு மேடையில் முழங்கியிருக்கிறார். ஒளிந்திருந்ததை ஒரு கூட்டத்தில். துரோகத்தை வேறொரு கூட்டத்தில். இரண்டுக்கும் கைதட்டல் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தான் முப்பது வருடத்தில் நேரமில்லாமல் போயிற்று.

"அப்போ அந்த ஜீப்பு..."

"ஒன்பது நாளும் அவரை ஸ்டேஷன்ல வச்சு உங்க எடத்தைக் கேட்டிருக்காங்க. சொல்லலை. பத்தாம் நாள் கொண்டாந்து எறக்கி விட்டாங்க. நேத்து நான் கேட்டேன், சொன்னாரு."

"இத்தனை வருசம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலைன்னாரு."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எடுத்துரும்மா அந்த வரியை" என்றார் பேச்சிமுத்து. மேடையில் கேட்ட குரலாக அது இல்லை. ஆனாலும் பழைய முறுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தது. "இதுக்குத்தானே நேத்து வந்தான்? கடைசியில என்னைத் தோக்கடிச்சுட்டான்னு சொல்லு."

ஹம்னா மேசை டிராயரைத் திறந்து நோட்டீஸ் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எலுமிச்சை மண்டியில ஏது அண்ணாச்சி எண்ணெய்?"

பேச்சிமுத்து தாளின் கறையைப் பார்த்தார். விரல் ஒரு கறையின் மேலேயே நின்றது.

"தன் பேரைச் சொன்னா நீங்க தொடமாட்டீங்கன்னு, பெஞ்சமின் பேரைச் சொல்லச் சொன்னாரு. இந்த நாப்பது நோட்டீசும் வேல்சாமி அண்ணாச்சி பத்திரமா வச்சிருந்ததுதான். இதை வச்சுத்தான் உங்க புஸ்தகத்துல பாதி வரி நிக்குது. நேத்து அவர் வரியை எடுக்கச் சொல்ல வரலை. கட்டுல ஒண்ணு கொறஞ்சுதுல்லா, அதைக் கொடுக்க வந்தாரு."

கட்டின் மேலே அந்த மஞ்சள் தாளை வைத்தாள்.

"'இதுவும் பேச்சிமுத்து எழுதுனதுதாம்மா. இது விட்டுப்போச்சுன்னா அவன் புஸ்தகம் கொறையா நிக்கும்'னு சொல்லிட்டுப் போனாரு."