அந்த இரண்டாவது ஆள்

"ஆளை மறுபடியும் காணோம்."

சாமுவேல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி முனகினான். எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"யாருங்க காணோம்? போலீஸ்ல சொல்லணுமா?" பொன்மலர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடையில், லீவில் ஆம்பூர் வருவாள். இந்தத் தடவை வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

"போலீஸா? அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாத ஆளுக்கா இவ்ளோ பேஜாரு?"

"உனக்குச் சொன்னா புரியாது மலரு. குழம்பு அடி பிடிக்கப் போவுது, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். பெண்டாட்டிக்குப் புரியாது என்று அவன் முடிவு கட்டிய விஷயம் அப்படியொன்றும் கஷ்டமானதல்ல.

ஒரு ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிப்பது சாமுவேலின் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. கம்ப்யூட்டரை இயக்க, உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாகத் தரும் லினக்ஸ் ஒன்று இருந்தது. அதன் தொகுப்பில் கிடக்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களில் ஒன்று, ஆடு புலி ஆட்டம், அவன் பொறுப்பு.

அதை முதலில் எழுதியவர் பாதியில் கைகழுவிவிட்டுப் போக, இவன் எடுத்துக்கொண்டான். லினக்ஸில் எதையாவது புதிதாக மாற்றினால் ஆட்டம் ஓடாமல் நின்றுவிடும். கோளாறைத் தேடிப் பிடித்து, சரிசெய்து, மறுபடி பொட்டலம் கட்டித் தொகுப்பில் ஏற்ற வேண்டும்.

இதைக் கேட்க ஆம்பூரில் ஆள் இல்லை. கம்பெனியில், சர்ச்சில், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் லினக்ஸ் சிடி கொடுத்தான். "அங்க யாராவது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இருந்தா குடு" என்று பொன்மலரின் பெட்டியில்கூட ஒன்றைச் செருகினான். பக்கத்து சீட் நயீம் அகமது தன்னுடையதை பைக்குக்குப் பின்னால் மினுமினுக்கக் கட்டிக்கொண்டார். அதோடு அவனுக்குக் கொடுக்கிற ஆசையே போய்விட்டது.

மிச்சமிருந்த ஒரே துணை ஓர் எண். எந்த மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று, சம்மதித்தவர்களின் கம்ப்யூட்டர்கள் வாராவாரம் தாமாகவே தகவல் அனுப்பும். பேர், ஊர் எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும்தான். ஆடு புலி ஆட்டத்துக்கு நேராக 'இரண்டு' என்று இருக்கும். அதில் ஒன்று சாமுவேலே.

அந்த இன்னொருவருக்காகத்தான் அவன் இத்தனையும் செய்தான். புலி தாவுவதில் இருந்த ஒரு பிசகைச் சரிசெய்ய ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தான். 'இனிமே அவருக்கு எரிச்சல் இருக்காது' என்று நினைத்ததும் களைப்பு போய்விட்டது. யாருமில்லாத வீட்டில் சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அந்த இரண்டைப் பார்த்தால், யாரோ கூட இருப்பது போலத் தோன்றும்.

இப்போது அது ஒன்று. போன கோடையிலும் இப்படித்தான் ஆகி, மழை ஆரம்பித்த சமயத்தில் தானாகவே இரண்டானது. ஆட்டம் அலுத்துவிட்டதா, உடம்புக்கு முடியவில்லையா, இந்தத் தடவை ஒரேயடியாகப் போய்விட்டாரா? லீவு முழுக்க அவனுக்கு இதே கவலை.

பொன்மலர் கொண்டுவந்து வைத்த காபி கீபோர்டு பக்கத்திலேயே ஆறியது. மாதனூரில் அக்கா வீட்டுக்குப் போய்வரலாமா என்று கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அடுத்த வாரம் அவளை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தான்.

வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் தொகுப்புக் குழுவின் மெயில் காத்திருந்தது. ஆள் இல்லாத ஆட்டங்களை நீக்கப் போகிறார்களாம். ஆடு புலி ஆட்டத்தை எடுத்துவிடலாமா என்று பொறுப்பாளரைக் கேட்டிருந்தார்கள்.

வேண்டாம் என்று சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இல்லை. வீட்டில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகை வரும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து வந்ததும் பொன்மலர் போன் செய்தாள்.

"காணாமப் போனாரே, அந்த ஆளு வந்துட்டாரா?"

பேச வேறு யாரும் இல்லாததாலோ என்னவோ, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். ஆட்டம், பொட்டலம், அந்த எண், குழுவின் மெயில், ஒன்று விடாமல் சொன்னான்.

"எடுத்துக்கங்கன்னு இன்னிக்கு எழுதிடப் போறேன்" என்று முடித்தான்.

"ஐயோ, எழுதாதீங்க!"

"உனக்கு இன்னா போச்சு? யாருக்காக வெச்சிருக்கறது? இருந்ததே ஒரே ஒருத்தரு. அவரும் வருஷா வருஷம் வெயில் காலத்துல சொல்லாம கொள்ளாம போய்டறாரு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றான்.

"லீவுக்கு வர்றப்ப," என்றாள் பொன்மலர் மெதுவாக, "இங்க ரூம்ல இருக்கற கம்ப்யூட்டரையுமாங்க தூக்கினு வர முடியும்?"