சொந்தக் காலில் நின்ற போர்டு

ஒயரில் கட்டுண்டு சுவரோரமே கிடந்த ரோபோ வண்டியில், அதை இயக்கும் மூளைப் போர்டுக்கு அடியில் ஒரு பேட்டரிப் போர்டை மாட்டினார்கள். ஒயரைப் பிடுங்கியதும் வண்டி கூடமெங்கும் ஓடியது.

"பாத்தியா, சொந்தக் கால்ல நிக்கிறேன்!" என்று சுவரிலிருந்த பிளக் பாயிண்டிடம் மூளைப் போர்டு பீற்றிக்கொண்டது.

பேட்டரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் கிடந்து உயிரைக் கொடுப்பது யார்? ஆனாலும் அடக்கிக்கொண்டு, "அண்ணே, சார்ஜ் இறங்குது. லைட்டையாவது அணைங்க" என்றது.

"சுமையா தொத்திக்கிட்டு வர்ற உனக்கு வாய் வேறயா?" என்று மூளைப் போர்டு இன்னும் இரண்டு லைட்டைப் போட்டது.

"டேய், நான் குடுக்கிறதைத் தின்னுட்டு என்னையே சுமைங்கிறியா?" என்று பேட்டரி கொதித்தது.

"கத்தாதே. நான் யார் தயவுலயும்..."

அத்தோடு சார்ஜ் தீர்ந்தது. நடுக்கூடத்தில் வண்டி செத்த மாதிரி நின்றது.

யாரோ தூக்கிப்போய் பேட்டரியைச் சார்ஜில் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிய எரிய அது மின்சாரத்தைக் குடித்தது. முதல் மடக்கை, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே அனுப்பியது.

மூளைப் போர்டு கண் திறந்தது. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

"...வாழலடா!"