ஆறு தோள்கள்

சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வண்டி ஓட்டுநர் மேட்டைப் பார்த்துக் கையை விரித்தார். மார்ச் மாதச் சேறு. இதற்குமேல் சக்கரம் ஏறாது.

கல்லறைத் தோட்டம் உச்சியில் இருந்தது. தூக்க ஆறு பேர் வேண்டும். இருந்தவர்கள் இரண்டு பேர். இடுப்பு வலிக்காரர் காவ்ரில், எழுபதைத் தாண்டிய தோவாதர்.

அந்தத் தெருவின் இளைஞர்கள் எல்லாரும் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

டிராக்டரில் ஏற்றிவிடலாமே என்று பாதிரியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த மனிதரைச் சோள மூட்டை மாதிரி ஏற்றி அனுப்ப சவேதாவுக்கு மனம் வரவில்லை.

எதிரே, சோளம் விளைந்த நிலத்தில், புது வீடுகள். கிளூஜ் நகரத்துக் கணினி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் வாங்கிக் குடிவந்திருந்தார்கள். பழைய தெருவின் ஓய்வூதியம் மொத்தத்தையும் சேர்த்தாலும் அவர்களில் ஒருவரின் சம்பளத்துக்குக் காணாது.

அவர்களைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீடுகளுக்குக் குழாய் பதிக்க வந்த அன்று வழியை மறித்து உட்கார்ந்தவர், இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அவள் கணவர் இலாரியே. ஊர்க்கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே ‘வந்தேறிகள்’ என்றவர். சாகும்வரை அவர்களில் ஒருவருக்கும் அவர் வணக்கம் சொன்னதில்லை.

ஒரு கேட் திறந்தது. பிறகு இன்னொன்று.

நான்கு பேர் வந்தார்கள், வேலைக்குக் கிளம்பிய உடையிலேயே. ஒருவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் குனிந்தான். எப்படித் தோள் கொடுக்க வேண்டும் என்று காவ்ரில் காட்டிக்கொடுத்தார்.

வழியில் இரண்டு முறை கால் சறுக்கியது. பெட்டியை எங்கும் கீழே வைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும், ஊர் வழக்கப்படி மெழுகுவத்தி செருகிய ரொட்டி வளையத்தை சவேதா ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். அவர்கள் கால்களில் முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது.

அடையாள அட்டைக்காரன் உடனே நகரவில்லை.

“ரெண்டு குளிர்காலமா, ஐஸ் கட்டின காலையில எல்லாம் எங்க இறக்கத்துல யாரோ அடுப்புச் சாம்பல் தூவி வெச்சிருப்பாங்கம்மா. போன வருஷம் என் பொண்டாட்டி மாசமா இருந்தா. கார் ஒரு தடவகூட வழுக்கல. ஒருநாள் ஜன்னல் வழியா பாத்தேன். அவரோட கோட்டு, அவரோட தொப்பி. வந்து நன்றி சொல்லலாம்னா, திட்டுவாரோன்னு பயம்.”

சவேதா புதுமண்ணைப் பார்த்தாள். அவரை நல்லவரென்று நம்பி நான்கு பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

“அவர் அப்படித்தான் தம்பி. வெளியில தெரியக் கூடாதும்பார்.”

அந்த இரண்டு குளிர்காலமும் இலாரியே கட்டிலை விட்டு எழுந்ததில்லை. விடியலில் வாளிச் சத்தம் கேட்டு எங்கே போகிறாய் என்பார். கோழிக்குத் தீனி வைக்க என்பாள்.

அவளுடைய கோட்டு மெல்லிசு. அவருடையதுதான் குளிர் தாங்கும்.